அடுத்த வாரம் மாட்டிவிடலாம் என்றீர்களே

அன்புள்ள என்னங்க,

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். செத்துப்போனவருக்குக் கடிதம் எழுதுவதற்காகப் புதிதாகப் பெயர் சொல்ல வாய் வரவில்லை. வருகிற மாதம் உங்களுக்கு முதல் வருஷப் பூசை. நினைவு அட்டை அச்சடிக்க நாலு வரி எழுதித் தரச் சொல்லி, கோயிலில் மாதிரிக்கு ஒரு பழைய அட்டையையும் கொடுத்தார்கள். 'எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டு ஆண்டவரில் துயில் கொண்ட' என்று ஆரம்பித்தது. என்ன துயில்? ஊசுடு ஏரிக்குக் கீழே கரும்பு வயலில், நீங்களே இன்ஜின் மாற்றிய டிராக்டருக்கு அடியில் சேற்றோடு நசுங்கிச் செத்தீர்கள். அதை நாலு வரியில் எழுத எனக்குத் தெரியவில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

எனக்கு உங்கள் மேல் கோபம். காலையில் கண் விழித்ததும் முதலில் அதுதான் வருகிறது, அழுகை அப்புறம்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் உங்கள் மூளையைப் பற்றியே பேசினார்கள். மூலக்குளத்து அருளப்பன் மெக்கானிசியன் மாதிரி இனி ஒருத்தன் பிறந்து வர வேண்டும் என்றார்கள். பொய்யில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கப்பலில் வந்த டிராக்டர்கள், உதிரிச் சாமான் கிடைக்காமல் கோழி அடையக் கிடந்தவை, அவற்றின் செத்துப்போன இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு ஏலத்தில் எடுத்த லாரி இன்ஜினை நீங்கள் உட்கார வைத்தீர்கள். அளவு சேராத கியர்பாக்ஸோடு அதைச் சேர்க்க நடுவில் ஒரு தகடு கடைந்தீர்கள். இரண்டு பக்கமும் இரும்புச் சானல் கொடுத்துத் தாங்க வைத்தீர்கள். இருபது வருஷம் அசையாமல் கிடந்த வண்டி இரண்டு டிரெய்லர் கரும்பை இழுத்துக்கொண்டு போனது. ஊரே வாயைப் பிளந்தது.

நான் பிளக்கவில்லை. நான் உள்ளே நின்றவள். இன்ஜினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டுக் கியர்பாக்ஸ் வாய்க்கு நேராக இறக்க இரண்டு ஆள் வேண்டும். நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு குரல் கொடுப்பீர்கள். சங்கிலி என் கையில் இருக்கும். "எறக்கு, நில்லு, இன்னும் ஒரு நூல்" என்பீர்கள். நீங்கள் இன்ஜின் மாற்றிய ஐந்து வண்டிக்கும் அப்படித்தான் இறக்கினேன். உள்ளங்கை காய்த்துப்போனது இன்னும் மாறவில்லை.

சோதனைக்கு ஓட்டும்போது மட்டும் வண்டியின் மூக்கில் இரண்டு மணல் மூட்டை கட்டுவீர்கள். ஏன் என்று கேட்டேன். பழைய இன்ஜினுக்குப் பலம் கொஞ்சம், கனம் அதிகம். லாரி இன்ஜினுக்குப் பலம் அதிகம், கனம் கொஞ்சம். பின்னால் பாரம் சிக்கிக்கொண்டால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும், அப்படியே மல்லாந்து ஓட்டுகிறவன் மேலேயே விழும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார்? நீங்கள்தானே?

அப்படியானால் நிரந்தரமாக ஒரு முன்பாரம் மாட்ட வேண்டாமா என்றேன். "மாட்டணும் ரெஜினா. அடுத்த வாரம் மாட்டிடலாம்" என்றீர்கள். சர்க்கரை ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு வந்துவிட்டது என்று வண்டிக்காரர்கள் வாசலில் அவசரப்படுத்துவார்கள். முன்னால் கனம் ஏறினால் ஸ்டீயரிங் திருப்பத் தோள் விட்டுப்போகும் என்று டிரைவர்கள் முணுமுணுப்பார்கள். நீங்களும் மூட்டைகளை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு வண்டியை அனுப்புவீர்கள். ஐந்து வண்டிக்கும் அதே அடுத்த வாரம்தான். மணல் மூட்டை மட்டும் நம் வீட்டில் பத்திரமாக இருந்தது.

அன்றைக்கு நடந்ததை எனக்குச் சொன்னவர் கோதண்டம், ஐந்தாவது வண்டியின் சொந்தக்காரர். கரும்பு ஏற்றிய டிரெய்லர் அவருடைய வயலில் புதைந்துவிட்டது. ஆள் வந்து கூப்பிட்டதும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போனீர்கள். டிரைவர் முருகேசன் பயந்து இறங்கிக்கொண்டான், நீங்கள் அவசரப்பட்டு ஏறிவிட்டீர்கள், வண்டி மல்லாந்துவிட்டது, எல்லாம் விதி என்றார். நான் முருகேசனைச் சபித்தேன். ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே சபித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரமே அந்த வண்டி வில்லியனூர் ரோட்டில் நம் வீட்டைத் தாண்டிப் போனது. மட்கார்டைத் தட்டி நிமிர்த்தி, புதுச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மூக்கில் ஒன்றும் இல்லை. மேலே அதே முருகேசன். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். வண்டி திருப்பத்தில் மறையும் வரை பார்த்தேன். அப்புறம்தான் மற்ற நாலு வண்டியும் இதே மாதிரி மொட்டை மூக்கோடு திரிகின்றன என்பது உறைத்தது.

உங்கள் தம்பி செபஸ்தியானைக் கூப்பிட்டேன். மில்லில் ஃபிட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் ஒழிவு. முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்தார். வீட்டுக்குப் பின்னால் நீங்கள் கழற்றிப் போட்ட பழைய இன்ஜின்களைக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் பிளைவீல் என்று ஒரு இரும்புச் சக்கரம் இருக்கிறது, ஆட்டுக்கல்லை விடக் கனம். அந்தந்த வண்டியின் பிளைவீலை அதனதன் மூக்கிலேயே மாட்டினால் என்ன என்று கேட்டேன். அவர் குனிந்து ஒன்றை அசைத்துப் பார்த்தார்.

"இது அண்ணனுக்குத் தோணாமப் போச்சே அண்ணி" என்றார்.

"தோணியிருக்கும். அடுத்த வாரம்னு உட்டிருப்பாரு" என்றேன். அவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

நாலு ஞாயிற்றுக்கிழமை, நாலு வண்டி. காலாப்பட்டில் சவுக்குக் கட்டை இழுக்கும் வண்டிக்காரர், பொம்பளை வந்து டிராக்டரில் கை வைப்பதா என்று முதலில் முறைத்தார். இந்த இன்ஜினை இறக்கியதே இந்தக் கைதான் என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அப்புறம் அவரே கடப்பாரை எடுத்து வந்து பிளைவீலை உருட்டிக் கொடுத்தார்.

கோதண்டம்தான் மசியவில்லை. மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "இப்ப அத்த மாட்டுனா, வண்டியிலதான் கோளாறுன்னு நானே ஒத்துக்குன மாதிரி ஆயிடும்மா. ஒங்க வீட்டுக்காரரு பேருந்தான் கெட்டுப்போவும்." உங்கள் பேர் மேல் அவருக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள்! உங்கள் பேர் கெடக்கூடாது என்பதற்காக இன்னொருவன் சாகலாமா? திரும்பி வரும்போது அவரைத் திட்டியதை விட உங்களைத்தான் அதிகமாகத் திட்டினேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வருகிறேன், நம் வாசலில் அந்தச் சிவப்பு வண்டி நிற்கிறது. பக்கத்தில் முருகேசன். ஞாயிற்றுக்கிழமை என்று வந்திருந்த செபஸ்தியானும் ஸ்பேனரோடு நிற்கிறார். முதலாளி ஒரு கல்யாணத்துக்குத் திண்டிவனம் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார், அதற்குள் முன்பாரத்தை மாட்டித் தர வேண்டும் என்றான் முருகேசன். இரண்டு பெண் குழந்தைகள் இருக்கின்றனவாம். ஒவ்வொரு தடவை பாரம் இழுக்கும்போதும் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறானாம். நான் அவனை உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பதினோரு மாதமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டேன்.

"அன்னிக்கு நீ ஏன் எறங்குன?"

அவன் வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நானா எறங்கலக்கா. முன்னாடி தூக்குதுண்ணேன்னு சொன்னேன். 'எனக்குத் தெரியும், எறங்கு'ன்னாரு. நான் எறங்கல. சட்டையப் புடிச்சி இழுத்து எறக்கி உட்டுட்டு அவரு ஏறிட்டாரு."

செபஸ்தியான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். நான் பின்கட்டுக்குப் போய்த் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் ஏறினீர்கள். தெரிந்தவர் கரும்பைப் பாதி இறக்கச் சொல்லியிருக்கக் கூடாதா? இரண்டு மூட்டை மண்ணை அள்ளி முன்னால் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த பத்துப் பேருக்கு முன்னால் உங்கள் வண்டி தோற்கக் கூடாது என்றா? இல்லை, தப்பு நம்முடையது, உட்காருகிறவன் நாமாகவே இருக்கட்டும் என்று நினைத்தீர்களா? வேறு ஒருவனின் பிள்ளைகளை நினைத்த மனுஷருக்கு வீட்டில் ஒருத்தி இருப்பது நினைவு வரவில்லையா? எந்தக் கேள்விக்கும் இனி பதில் கிடையாது. அது எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்கிறேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முருகேசனுக்குக் காபி கொடுத்தேன். மூன்று பேருமாகப் பிளைவீலை ஏற்றி மாட்டினோம். கோதண்டம் வந்ததும் கழற்றச் சொல்வார் என்று முருகேசன் பயந்தான். போல்ட் தலைகள் எல்லாவற்றிலும் வெல்டிங் வைத்து உருக்கிவிடச் சொன்னேன். செபஸ்தியான் ஒரு தடவை என்னைப் பார்த்தார், அப்புறம் உருக்கிவிட்டார்.

மறுநாள் காலை கோதண்டம் முருகேசனை ஓட்டச் சொல்லி வண்டியோடு வந்து தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார். நான் மெதுவாகத்தான் பேசினேன்.

"கழட்டணும்னா அறுத்துதான் எடுக்கணும். நானே அறுத்துத் தர்றேன். அதுக்கப்புறம் நீங்க ஏறி ஒக்காந்து, சேத்துல மாட்டுன டிரெய்லர் ஒண்ண இழுத்துக் காட்டுங்க."

அவர் வண்டியைப் பார்த்தார். அவரோடு வந்த ஆட்கள் அவரையே பார்த்தார்கள். வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். முருகேசனுக்கு இரண்டு நாள் வேலை கொடுக்கவில்லையாம். அந்த வண்டியின் கியரைப் போட வேறு யாருக்கும் கை வராததால் மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். பிளைவீல் அப்படியேதான் இருக்கிறது.

நேற்று பாகூரிலிருந்து ஒருவர் பழைய டிராக்டர் ஒன்றுக்கு லாரி இன்ஜின் வைக்க வேண்டும் என்று செபஸ்தியானைத் தேடி வந்தார். முடியாது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. முன்பாரத்தை முதலில் மாட்டிவிட்டுத்தான் இன்ஜினைத் தொடுவோம், சம்மதமா என்று கேட்டேன். சரி என்றார்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். மொட்டை மூக்கோடு ஒரு வண்டியும் இனி நம் வாசலைத் தாண்டாது. போன ஐந்தையும் வருஷாவருஷம் வெட்டு ஆரம்பிக்கும் முன் நானே போய்த் தட்டிப் பார்ப்பேன். முருகேசனை நீங்கள் ஒரு நாள் இறக்கிவிட்டீர்கள். மற்ற நாளெல்லாம் அவன் தானாக இறங்கி வீட்டுக்குப் போகும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். இதனால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அந்த வயலில் நான் நின்றிருந்தால், உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்து நான் இறக்கியிருப்பேன்.

இன்னும் உங்களோடு சண்டையில் இருக்கும்
உங்கள் மனைவி,
ரெஜினா
மூலக்குளம்