பாக்கியத்தைப் பேசவைத்த நாட்கள்

இன்று அலுவலக பீரோவை ஒழித்தபோது அந்தக் காகிதங்கள் கிடைத்தன. நகலெடுத்த பத்துப் பன்னிரண்டு பக்கங்கள், மூலையில் துருப்பிடித்த குண்டூசி. ஆங்கில வரிகளுக்கு இடையே பச்சை மையில் உன் தமிழ் எழுத்து. கடினமான சொற்களுக்கு அர்த்தம் எழுதியிருந்தாய். ஒரு பத்தியின் ஓரத்தில், "நம்ம ஊருக்கு இது பொருந்துமா?" பீரோவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போய் மூன்று வருடம் ஆகிறது.

நாம் சந்தித்தது இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகான முதல் சில வருடங்களில். திருத்தங்கலில் அந்தச் சிறிய தொண்டு நிறுவனத்தில் நாம் இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். நீ காரியாபட்டிப் பெண், நான் சிவகாசி. பட்டாசு ஆலைகளில் விபத்து நடந்தால் இறந்தவர்களின் குடும்பங்களைப் பார்ப்பது நம் வேலை. சமுதாயக் கூடத்தில் வட்டமாக நாற்காலி போட்டு, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லவைப்போம். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை நடத்துவதில் எனக்குப் பெருமைகூட உண்டு. அவர்கள் அழ அழ, பாரம் இறங்குகிறது என்று நினைத்தேன்.

அந்த வருடம் தீபாவளி சீசனில் ஒரு கம்பெனியில் வெடித்தது. அங்கே வேலை பார்த்த பாக்கியம் அந்த நேரம் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த அவள் தங்கை இறந்துபோனாள். அந்த வாரமே பாக்கியத்தை வட்டத்தில் உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். அடுத்த வாரமும் சொல்லவைத்தேன். மூன்றாவது வாரம் அவள் வரவில்லை. தேடிப் போனவள் நீதான். தீக்குச்சியைக் கையில் எடுத்தாலே அவளுக்கு உடம்பு நடுங்குவதாகவும், மாமியார்தான் சமைப்பதாகவும் வந்து சொன்னாய். அவள் உன்னிடம் சொன்னதையும் மறைக்கவில்லை: "அந்த அக்கா கேக்கும்போதெல்லாம் மறுபடியும் அங்கனயே போயி நிக்கேன்."

அதற்குப் பிறகுதான் நீ மதுரைக்குப் போய், கல்லூரி நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து, இந்தப் பக்கங்களை நகலெடுத்து வந்தாய். துயரம் நடந்த கையோடு ஆட்களைக் கூட்டிப் பேசவைப்பதால் பலன் தெரியவில்லை, சிலருக்கு அது கெடுதலாகவும் முடியலாம் என்று ஆய்வுகள் சொல்வதாக அதில் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"எந்த நாட்டுலயோ எழுதுனத நம்ம சனத்துக்கிட்ட கொண்டாறியா? நம்ம ஊர்ல ஒப்பாரி வச்சு அழுறதில்லையா?"

"ஒப்பாரி அவுகளா வைக்கிறது. நீ நாற்காலி போட்டு உக்காரவச்சு ஒப்பாரி வைக்கச் சொல்லுத."

நான்கு நாள் உன்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் நீயே வந்தாய். "பேப்பர நம்ப வேண்டாம். முன்னாடி நம்ம உக்காரவச்சவுகளப் போயிப் பாப்போம். கூட்டத்துக்கு வராதவுகளையும் பாப்போம்" என்றாய்.

வீடு வீடாகப் போனோம். தூக்கம் வருகிறதா, சாப்பிட முடிகிறதா, வேலைக்குப் போகிறார்களா என்று மட்டும் கேட்டோம். நம் கூட்டத்துக்கு வந்தவர்கள் வராதவர்களைவிடத் தேறியிருந்ததாகச் சொல்ல எதுவும் இல்லை. சிலர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும், "பேசுனது நல்லாத்தான் இருந்துச்சு தாயி" என்றார். அதையும் நோட்டில் எழுதினாய். உன் வாதத்துக்கு அது எதிராயிற்றே என்று கேட்டேன். "எனக்குச் சாதகமானத மட்டும் எழுதுனா அது நோட்டு இல்ல, வக்கீல் நோட்டீசு" என்று சிரித்தாய்.

அத்தோடு கூட்டத்தை நிறுத்தினோம். அதற்குப் பதிலாக, முதலில் வீட்டுக்குப் போவது, என்ன தேவை என்று கேட்பது. இறப்புச் சான்றிதழ், நிவாரண மனு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம். பேச நினைப்பவர் பேசினால் கேட்பது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லாதவர்களை மருத்துவரிடம் கூட்டிப்போவது. பாக்கியத்தை விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்கு மாதாமாதம் நீதான் பஸ்ஸில் கூட்டிப் போனாய். அவள் மறுபடி அடுப்புப் பற்றவைக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. பிறகு ஓர் அச்சகத்தில் காலண்டர் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்தாள். வெடிச்சத்தம் கேட்டால் இன்றும் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அதன் பிறகும் பல மாதம் தைரியம் வரவில்லை. கேட்டபோது அவள் கோபப்படவில்லை. "நீங்க நல்லதுக்குத்தானக்கா கேட்டீக. ஆனா, சொல்ல முடியுமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கேட்ருக்கலாம்" என்றாள்.

மூன்று வருடத்துக்கு முன் காய்ச்சல் என்று படுத்த நீ பத்தே நாளில் போய்விட்டாய். காரியாபட்டிக்கு என்னோடு பாக்கியமும் வந்தாள். வந்தவர்கள் எல்லாம் உன் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து, "எப்படி ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொன்னார். பாக்கியம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, தலை சிக்காக் கெடக்கு. சீவி விடட்டா?" என்றாள். அம்மா தலையசைத்தார். அவள் சீவி முடிக்கும்வரை அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன். நல்லதுதான் செய்கிறேன் என்ற நிச்சயம் எனக்குள் எழும்போதெல்லாம் கூடவே ஒரு சின்னப் பயமும் வருகிறது. நீ கொடுத்துப் போனது அது. அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றுகிறேன்.