புள்ளியில்லாத எருக்கிலை

வடசேரி,
10-2-1954

அன்பு மகள் பூங்கனிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் வெற்றிலைக் கடையும் சுகம், நீ சுகமா என்பதைக் கடைசியில் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்த நாள் முதல் உன் அம்மா என்னைக் கண்டாலே சிரிக்கிறாள். நீ கேட்டது நோய்ப்புள்ளி விழுந்த எருக்கிலை, நான் அனுப்பியது புள்ளியே இல்லாதது. முப்பது வருஷமாகப் புள்ளி வெற்றிலையைக் கழித்துக் கழித்தே பழகிய விரல், என்ன செய்ய. பழையாற்றங்கரையில் ஒரு கூடை பறித்து, மகளுக்கல்லவா என்று நல்லதாகப் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, வாழைச்சருகில் கட்டிப் பார்சல் போட்டேன். அது அழுகி நாறிப் போய்ச் சேர்ந்தது என்றும், பதினைந்தாம் தேதிக்குள் காட்டுச்செடி நோய் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுக்காவிட்டால் காலேஜில் பரீட்சைக்கு விடமாட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய்.

படித்த மறுநாளே திரும்ப ஆற்றங்கரைக்குப் போனேன். கூட வந்த பக்கத்துக்கடை சுயம்பு புள்ளி இலையைப் பார்த்து, இது நோயுமில்லை ஒன்றுமில்லை, எருக்கம்பால் சொட்டிக் காய்ந்த கறை என்று சாதித்தான். நீ எழுதியபடி ஈரத்துணியால் துடைத்தேன், பாதி போய்விட்டது, அவன் மீசையை முறுக்கினான். மீதி போகவில்லை, இலையைத் திருப்பினால் அந்தப் புறமும் அதே இடத்தில் வட்டம். கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற தாணுலிங்கத்தின் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தால் வட்டத்துக்குள் கரிப்பொடி தூவியதுபோலப் பூசணம். சுயம்பும் பார்த்தான், பிறகு மீசைப் பக்கம் கை போகவில்லை. அதன் பெயர் என்ன, என் வெற்றிலைக்குத் தாவுமா என்பதை நீதான் படித்துச் சொல்ல வேண்டும். இருப்பதில் மோசமான பன்னிரண்டு இலையைக் காகிதத்தில் விரித்து, அம்மிக்குழவியை ஏற்றி நாலு நாள் காயவைத்தேன், அந்த நாலு நாளும் வீட்டில் அரைப்பு இல்லை, மீன்குழம்பும் இல்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஊர் வந்த உன் ஹாஸ்டல் தோழி லீமா நாளை புறப்படுகிறாள், அவள் கையில் கொடுத்திருக்கிறேன்.

அவள்தான் வாய்தவறி, போன மாதம் நீ பத்து நாள் காய்ச்சலில் கிடந்ததைச் சொன்னாள். அந்தப் பத்து நாளில் உன் கடிதம் இரண்டு வந்தது, இரண்டிலும் சுகம், சாப்பாடு பிரமாதம் என்றுதான் இருந்தது. உன் அம்மா சிரிப்பை நிறுத்தி, அப்பன் புத்திதானே பிள்ளைக்கும் வரும் என்றாள். அவள் சொன்னது சரிதான் மக்கா. கழித்துவிட்டு நல்லதை மட்டும் காட்டுவது கடைக்குச் சரி, வீட்டுக்கு வேண்டாம்.

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காப்பாராக. லீமா தரும் சுக்குப்பொடியைத் தினமும் வெந்நீரில் கலந்து குடி. இப்போது கேட்கிறேன், நீ சுகமா? பதில் எழுது, புள்ளியைக் கழிக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
யேசுரத்தினம்