தீவுக்குப் போகாத அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை உங்கள் தம்பி கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் வந்து சேர்ந்தது. அந்தமானிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தேன். புகை வாசனை. அங்கே மழை விடாது, கொப்பரையை வெயிலில் போட முடியாது, அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையில்தான் உலர்த்துவார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்களும் பார்த்ததில்லை. தம்பி போனில் சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னீர்கள். இரண்டு பேருமே பார்க்காத ஓர் இடத்தைப் பற்றி எத்தனை வருடம் பேசியிருக்கிறோம்.

எண்ணெயைத் தொட்டுத் தலையில் வைக்க மனம் வரவில்லை. மூடி, சமையல் மேடையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படிக்க நீங்கள் இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நிலக்கரி வெட்டிக் கரண்ட் எடுக்கும் நம் கம்பெனியின் ஸ்டோர்ஸில் உங்கள் மேஜைக்கு எதிர் மேஜை எனக்கு. என் கணவர் இறந்து, அவருடைய வேலை எனக்குக் கிடைத்து, திருநெல்வேலிப் பேச்சும் அழுத முகமுமாக நான் வந்து உட்கார்ந்த முதல் வாரம், நீங்கள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. டீ வரும்போது எனக்கும் ஒரு டம்ளர் வாங்கி வைத்தீர்கள். அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

உங்கள் ஊர் எது என்று ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் கேட்டேன். கம்மாபுரத்துப் பக்கம் என்றீர்கள். சுரங்கத்தின் விளிம்பை ஒட்டி பஸ் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினீர்கள். "அதோ, அந்த மிஷினு நிக்குது பாரு. அதுக்கு மேல காத்து இருக்குதில்ல, அங்கதான் எங்க வூடு இருந்துச்சு." எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. தரையே போனபிறகு வீடு இருந்த இடம் அந்தரத்தில்தானே இருக்கும். நிலத்துக்குப் பதிலாக வந்த வேலையில் நீங்கள் இருந்தீர்கள். குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தீர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி மட்டும் கொத்தனார் வேலைக்கென்று கப்பலேறி, போர்ட் பிளேரைத் தாண்டி ஒரு சின்னத் தீவில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டார்.

அந்தத் தீவுக்கு எங்கிருந்தும் கரண்ட் கம்பி கிடையாது. சாயங்காலம் கொஞ்ச நேரம் டீசல் ஜெனரேட்டர் ஓடும். டீசல் கொண்டுவரும் படகு தாமதமானால் அதுவும் இல்லை. இருக்கும் கொஞ்சம் குடும்பங்கள் ஒன்றுகூடி, இனி யாரையும் எதிர்பார்க்காமல் நாமே ஏதாவது செய்துகொள்வோம் என்று முடிவெடுத்தபோது தம்பி உங்களைத்தான் கூப்பிட்டார். "அக்கா, நீ கரண்டு ஊர்ல இருக்கிற. நீதான் சொல்லணும்." நீங்கள் சிரித்தீர்கள். "நான் ஸ்டோர்ல பல்பு எண்ணிகினு இருக்கறவடா."

ஆனால் மறுநாளிலிருந்தே விசாரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள். பொருள் வாங்க வரும் எலெக்ட்ரீஷியன்களை டீ கொடுத்து உட்காரவைத்து, எத்தனை சோலார் தகட்டுக்கு எத்தனை பேட்டரி, உப்புக்காற்றில் எது துருப்பிடிக்கும், மழைத்தண்ணீரைப் பிடித்துவைக்கும் தொட்டிக்கு மூடி எப்படி என்று கேட்டுத் துளைத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டுக் கூடத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் உட்காருவோம். அந்தப் பக்கம் படகுத்துறையில், சிக்னல் கிடைக்கும் ஒரே இடத்தில், மொத்தத் தீவும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். இடையில் அலைச் சத்தம்.

"மொதல்ல தண்ணி, அப்பறம் மருந்து, அப்பறம் வெளிச்சம். மத்ததெல்லாம் ஆசை." இதைத்தான் ஒவ்வொரு வாரமும் சொன்னீர்கள்.

தம்பி மனைவி ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அண்ணி, மிக்ஸி ஆசையிலயா வருது?"

"ஆசைதான். ஆனா நல்ல வெயில் அடிக்கிற அன்னிக்கி மத்தியானத்துல ஓட்டிக்க. ஒவ்வொரு வூடா ஓட்டணும். எல்லாரும் ஒண்ணா போட்டீங்கன்னா அம்மிக்கே போவ வேண்டியதுதான்."

படகுத்துறை முழுக்கச் சிரித்தது எனக்குக் கேட்டது. எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர் மோட்டார், பொதுவாக ஒரு ஃப்ரிட்ஜ். பாம்புக்கடி மருந்தும், தம்பியின் மாமியாருக்கு சர்க்கரை ஊசியும் அதில் இருக்க வேண்டும். அந்த அம்மா அதுவரை ஊசி மருந்தை ஈரத்துணி சுற்றிய பானைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

ரிட்டயர் ஆனதும் நீங்கள் அங்கே போய்விடுவது, என் பெண்ணுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு நானும் வந்து சேருவது. இதுதான் நம் ஏற்பாடு. ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "அங்க மண்ணுக்குக் கீழ ஒண்ணுமே இல்லியாம். கல்லும் உப்புத் தண்ணியுந்தானாம். அப்ப யாரும் தோண்ட வர மாட்டாங்க இல்ல?" அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஒரு சித்திரையில் பழகிப் பார்க்கிறேன் என்று மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டீர்கள். மாடியில் சின்னதாக ஒரு தகடு, ஒரு பேட்டரி, இரண்டு பல்பு, ஒரு குட்டி ஃபேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப்புறமிருந்து கவலையோடு கேட்டார். "என்னங்க, ஃபால்ட்டா? கம்ப்ளெயின்ட் குடுத்தீங்களா?" கரண்ட் போகாத டவுன்ஷிப்பில் வேண்டுமென்றே இருட்டில் உட்கார்ந்திருப்பவர்களை அவர் என்ன நினைத்திருப்பார். நாம் புழுக்கத்தில் விசிறிக்கொண்டு பலாச்சுளை தின்றோம். அந்த வெயிலில்தான் முதன்முதலாக உங்களுக்கு இருமல் வந்தது. சூடு என்றீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சூடு இல்லை. நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது என்றார் டாக்டர். ஏன் வருகிறது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. சிலருக்கு வரும் என்றார். ஆக்சிஜன் மிஷின் எழுதிக் கொடுத்தார். காற்றை உறிஞ்சி, அதிலிருந்து பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும் மிஷின். இரவும் பகலும் ஓட வேண்டும். "கரண்ட் நிக்காத இடமா பார்த்து இருந்துக்கோங்கம்மா" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் சுவரைப் பார்த்தேன்.

ரிட்டயர் ஆனதும் உங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து என் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். குழாய் போகும் தூரம்தான் உங்களுக்கு வீடு. கூடத்திலிருந்து பாத்ரூம் வரை. வாசலுக்கு எட்டாது.

தம்பியிடம் சொல்ல வேண்டாம் என்றீர்கள். ஸ்பீக்கரில் மிஷின் சத்தம் கேட்டுவிட்டது. "அங்க என்னக்கா ஓடுது?" என்றார். நான்தான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அவர்களாகவே கூப்பிட்டார்கள். சோலார் தகடுகளும் பேட்டரிகளும் அப்போது கப்பலில் வந்து இறங்கியிருந்தன. தம்பி சொன்னார், "அக்கா, எல்லாரும் உக்காந்து பேசிட்டோம். மோட்டார் வேணாம், ஃப்ரிட்ஜ் வேணாம், வெளக்கும் வேணாம். வந்ததெல்லாத்தயும் உன் மிஷினுக்கு மாட்டிடறோம். கணக்குப் போட்டுப் பாத்துட்டோம், மழ நாளுக்குக் கூடத் தாங்கும். நீ கெளம்பி வா." பின்னாலிருந்து அவர் மாமியார் குரல், "எனுக்குப் பான இருக்குது தாயி. நீ வந்துடு."

நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். சரி என்று சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நீங்கள் மூச்சு சேர்த்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டீர்கள். "வேணாண்டா. நான் ஒருத்தி மூச்சு வுடறதுக்கு ஒரு ஊரு இருட்டுல கெடக்கணுமா? ஊருக்கெல்லாம் வெளக்கு எரியணும்னு எங்க ஊரு போச்சு. எனக்கோசரம் இன்னொரு ஊரு போவ வேணாம். சொன்னபடி மாட்டுங்க. தண்ணி, மருந்து, வெளிச்சம்."

போனை வைத்தபின் நான் உங்களோடு சண்டை போட்டேன். அவர்களாக மனசாரக் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொண்டால் என்ன, ஒரு மாதமாவது அந்தக் கடலைப் பார்த்துவிட்டு இருக்கலாமே என்று கத்தினேன். நீங்கள் கோபப்படவில்லை. "அங்க போயி, அந்தம்மா பானைக்குள்ள கைய வுட்டு ஊசி எடுக்கறத நான் பாத்துகினு படுத்திருக்கணுமா, சொல்லு" என்றீர்கள். உங்கள் பக்கம்தான் நியாயம் என்று தெரிகிறது. அந்த நியாயத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை அக்கா.

அதற்குப் பிறகு நீங்கள் தீவைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் கேட்கும் சந்தேகத்துக்கு மட்டும் பதில் சொன்னீர்கள். ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரியில், நான் ஈரக் குடையை மடித்து மூலையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டீர்கள். பக்கத்தில் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரோ நர்ஸ் வந்து நிறுத்தினார்.

தை மாதம் தம்பி வற்புறுத்தியதால் நான் மட்டும் போனேன். கப்பல், பிறகு படகு, பிறகு முழங்கால் தண்ணீரில் நடை. நீங்கள் சொன்னபடியே எல்லாம் இருக்கிறது. தொட்டிகளில் தண்ணீர் நிறைய. படகுத்துறைக்குப் பக்கத்து அறையில் ஃப்ரிட்ஜ். தம்பியின் மாமியார் அதைத் திறந்து ஊசி மருந்தை எடுத்து என்னிடம் காட்டினார். எதற்காகக் காட்டினார் என்று இருவருக்கும் தெரியும். "இத எடுக்கறப்பெல்லாம் கை கூசுது தாயி" என்றார். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீடுகளில் விளக்கு வந்தது. நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். அழகாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. எனக்கு அதில் ஒரு விளக்கைக்கூடப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றும் உங்கள் மூச்சிலிருந்து எடுத்தது போலிருந்தது. உங்களுக்கென்று தம்பி எழுப்பிய அறையில் என்னை இருந்துகொள்ளச் சொன்னார்கள். அதற்குக் கடலைப் பார்த்த ஜன்னல். நான் அங்கே தூங்கவில்லை. அடுத்த படகிலேயே திரும்பிவிட்டேன்.

இனி அங்கே போகமாட்டேன். எனக்கும் ரிட்டயர்மென்ட் நெருங்கிவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பெண் பெங்களூருக்கு வரச் சொல்கிறாள். திருநெல்வேலியில் யாரும் மிச்சமில்லை. எங்கே போனால் என்ன என்று இருக்கிறது. ஒரு காலத்தில் நாம் இரண்டு பேரும் போவதற்கு ஓர் இடம் இருந்தது, அது இப்போது இருந்தும் எனக்கில்லை.

உங்களிடமிருந்து என்னிடம் தங்கியது ஒன்றே ஒன்று. மிஷின் வருவதற்கு முந்தைய மாதங்களில் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நாலு படிக்கு ஒருமுறை நீங்கள் நின்று மூச்சு வாங்குவீர்கள். நானும் கூடவே நிற்பேன், அவசரமில்லாதவள் போல ஜன்னல் வழியாக எதையாவது பார்த்துக்கொண்டு. இப்போதும் எந்தப் படியேறினாலும் கால் தானாக நின்றுவிடுகிறது. நேற்று ஸ்டோர்ஸ் மாடிப்படியில் நின்றேன். பின்னால் வந்தவர்கள், "என்ன மேடம், முடியலியா?" என்றார்கள்.

ஒதுங்கி வழிவிட்டேன். எல்லாரும் ஏறிப் போனபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.