கண்ணன் லென்ஸும் மாப்பிள்ளை வீட்டுப் பக்கமும்

ஆவணி 3, செவ்வாய்

காலையிலிருந்தே வெயில். மலைப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேகம், இறங்கி வர மனசில்லாமல். ஸ்டூடியோ ஏசி ஒழுகுகிறது. சொல்லியும் ஆள் வரவில்லை.

செய்ய வேண்டியது: ஏசி. சத்திரப்பட்டிக் கல்யாண ஆல்பம் ஒப்படைக்க. மெமரி கார்டு இரண்டு. முடிவெட்டு.

மதியத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூர் கண்ணன் வந்தான். நானும் அவனும் ஒரே ஸ்டூடியோவில் லைட் பிடித்துத் தொழில் பழகியவர்கள். இப்போது எனக்கு இங்கே ராஜபாளையத்தில் கடை, அவனுக்கு அங்கே. ஒரு கையில் பால்கோவா, இன்னொரு கையில் டப்பா. டப்பாவுக்குள் 28-75 ஜூம் லென்ஸ். கேமரா கம்பெனி செய்ததில்லை, வேறு கம்பெனி. நான் வைத்திருக்கும் கம்பெனி லென்ஸ் விலையில் பாதிகூட வராது.

"செத்த பாத்துச் சொல்லுங்கண்ணே. புடிக்கலன்னா திருப்பி அனுப்பிக்கிடலாம். ஒங்க கேமராவுல மாட்டிப் பாருங்க. ஒங்க லென்ஸையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

எதற்கு வாங்கினான் என்று தெரியாதா எனக்கு? பஞ்சு மில் ராஜு வீட்டுக் கல்யாணம், ஆவணிக் கடைசி முகூர்த்தம். அந்த வீட்டில் இதுவரை எல்லா விசேஷமும் நான் எடுத்தது. இந்தத் தடவை பெண்ணின் அம்மா அவன் படங்களையும் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். யாருக்கு வேலை என்று இன்னும் முடிவாகவில்லை.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பால்கோவா நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

ஆவணி 4, புதன்

கண்ணன் லென்ஸ். உள்ளதை எழுதி வைக்கிறேன்.

எடை ரொம்பக் கம்மி. கழுத்தில் போட்டிருப்பதே தெரியவில்லை. என்னுடையதைப் போட்டால் சாயங்காலம் தோள்பட்டையில் தைலம் தேய்க்க வேண்டும்.

ஜூம் வளையம் கொஞ்சம் இறுக்கம். (புதுசு. போகப் போகச் சரியாகும். சரியாகாமலும் போகலாம்.)

என்னுடையது மாதிரி 24-ல் தொடங்காமல் 28-ல் தொடங்குகிறது, அகலம் குறையும். சின்ன மண்டபத்தில் பின்னால் நகர இடமிருக்காது. இது ஒரு குறை. அடிக்கோடு போட்டேன்.

ஃபோகஸ்: எதிர்வீட்டு வெள்ளை நாயை அவிழ்த்துவிடச் சொன்னேன். ராஜபாளையம் நாய் ஓடினால் கண்ணுக்கே பிடிபடாது. லென்ஸ் பிடித்துக்கொண்டது. நடு ஃபிரேமில் மூக்கின் ரோஸ் நிறம்கூட அப்படியே. என் லென்ஸ் இவ்வளவு சீக்கிரம் பிடிக்குமா தெரியவில்லை.

என் வீட்டுக்காரி செல்விதான் ஆல்பம் டிசைன் செய்கிறவள். பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கே, யாரு லென்ஸு?" என்றாள். சொன்னேன். "கண்ணன் தம்பிக்கு எப்பவும் நல்ல கண்ணு" என்றாள். எடுத்தது நான். பாராட்டு அவனுக்கு.

சாயங்காலம் சத்திரப்பட்டி மாப்பிள்ளையின் சித்தப்பா போன். "எங்க ஆளுக மூஞ்சி மட்டும் ஏன் தெளிவா இல்ல? பொண்ணு வீட்டுக்காரவிய எல்லாரும் பளிச்சுன்னு இருக்காவ?" மாப்பிள்ளை வீட்டார் இல்லையா, சாப்பாட்டில் குறை கண்டுபிடிக்க முடியாவிட்டால் போட்டோவில் கண்டுபிடிப்பார்கள். சமாதானம் சொல்லி வைத்தேன்.

"இந்த வருஷத்துல இப்படி எத்தன போனு வந்துருச்சு" என்றாள் செல்வி.

ஆவணி 6, வெள்ளி

காற்று. ஏசி ஆள் வந்தான், நாளை வருவதாகச் சொல்லிப் போனான்.

லென்ஸைச் சோதிக்க எனக்கென்று ஒரு வழி உண்டு. பேண்டேஜ் துணி. செல்வியின் அண்ணன் தறி ஓட்டுகிறார், வீட்டில் துணிக்குப் பஞ்சமில்லை. சுவரில் கறுப்புத் தாள் ஒட்டி, மேலே துணியை விறைப்பாக இழுத்துக் குத்திவிட வேண்டும். ஸ்டாண்டில் கேமராவை நேர் எதிரே வைத்து எடுத்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் ஒவ்வொரு இழையும் தெரியும். இழை தெரியாத இடத்தில் லென்ஸ் மட்டம்.

லென்ஸை முழுசாகத் திறந்து 2.8-ல் வைத்தால் நடுவில் அருமை. வலது ஓரம் அருமை. வயிறு எரிந்தது. இடது ஓரம் போனேன். மங்கல். இழையெல்லாம் பஞ்சாகிக் கிடக்கிறது. மறுபடி எடுத்தேன். மங்கல்.

சந்தோஷத்தில் எழுந்து போய் டீ போட்டேன். செல்விக்கும் சேர்த்து.

"ஒங்க லென்ஸுலயும் இதே துணிய எடுத்தீங்களா?"

"என் லென்ஸ எதுக்கு? அது கம்பெனி லென்ஸு."

அவள் டீயை ஊதிக் குடித்தாள்.

ஆவணி 7, சனி

மில் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் அம்மா கையில் டேப்லெட். கண்ணனின் படங்கள். கிருஷ்ணன்கோவில் காலேஜில் ஏதோ விழாவாம், பிள்ளைகள் ஆடுகிற படம். வீட்டுக்காரரிடம் காட்டி, "சால பாகுந்தி" என்றார்கள். ரொம்ப நன்றாக இருக்கிறதாம், அந்த அளவு தெலுங்கு எனக்கும் புரியும். என் ஆல்பங்களைப் பார்த்து ஒரு நாளும் சொன்னதில்லை. "நல்லா இருக்குப்பா" என்று தமிழில் சொல்வதோடு சரி.

"அந்தத் தம்பி எப்படி? ஒங்களுக்குத் தெரிஞ்சவர்தானே?"

"நல்ல பையன்மா. லென்ஸுதான் வெல கம்மி. நானே சோதிச்சுப் பாத்தேன், எடது பக்கம் மங்குது."

அந்த அம்மா மேடையை நினைத்துப் பார்த்தார்கள் போல. "எடது பக்கம்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்கல்லா நிப்பாங்க? ஐயோ, வேற வெனையே வேண்டாம். நீங்களே வந்துருங்க."

கேட்காமலே வாயில் வந்து விழுந்தது வேலை. நான் சொன்னதில் பொய்யில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. வரும் வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆவணி 8, ஞாயிறு

கண்ணனுக்குப் போன். "எடது பக்கம் அடி வாங்குது. திருப்பி அனுப்பிரு."

"எடது பக்கமாண்ணே?" என்றான். "ஒங்க லென்ஸு எப்படி இருந்துச்சு, அதே துணியில?"

"நல்லா இருந்துச்சு" என்றேன். எடுக்கவே இல்லை.

"சரிண்ணே. நீங்க சொன்னா சரிதான். புதன்கிழமை வந்து வாங்கிக்கிடுதேன்."

மில் வீட்டு விஷயத்தை நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. இரவு சாப்பாடு சரியாக இறங்கவில்லை. கத்திரிக்காய் காரல்.

ஆவணி 9, திங்கள்

ஏசி சரியானது. நிம்மதி அதோடு முடிந்தது.

சுவரில் துணி அப்படியே இருந்தது. நம் ஊர் போட்டோக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போடலாம் என்று ஒரு யோசனை. ஒரு பக்கம் அந்த லென்ஸ், ஒரு பக்கம் கம்பெனி லென்ஸ். விலை மலிவு என்று ஓடுகிறவர்கள் பார்க்கட்டும். என் லென்ஸை மாட்டி எடுத்தேன்.

இடது ஓரம் மங்கல்.

துணி சரியில்லையோ என்று தலைகீழாகக் குத்தினேன். இடது மங்கல். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி எடுத்தேன். இப்போது மங்கல் துணியின் வலது பக்கத்தில். கேமராவோடு சேர்ந்து போகிறது.

தை மாசம் மண்டபப் படியில் கேமரா ஸ்டாண்டோடு சாய்ந்தது. லென்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று அன்றைக்கே அய்யனார் கோவிலுக்கு நேர்ந்துகொண்டேன். கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையத்தை யார் பார்த்தது? இன்றைக்கு விளக்கு வைத்துப் பார்த்தால் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது.

ஆல்பங்களை எடுத்துப் பரப்பினேன். தைக்கு அப்புறம் எடுத்தது எல்லாமே. மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவர்கள் ஆட்கள்தானே நிற்பார்கள், கேமராவுக்கு அது இடது. சத்திரப்பட்டிச் சித்தப்பா மங்கல். முறம்பு ஊர்க் கல்யாணத்து மாமா மங்கல். தளவாய்புரத்து அத்தை, பட்டுச்சேலை பளிச், முகம் மங்கல். பெண் வீட்டார் எல்லாரும் மூக்குத்தி வரைக்கும் தெளிவு. பாவம் அந்தச் சனங்கள். நியாயமாகத்தான் கத்தியிருக்கிறார்கள்.

செல்வி பார்த்தாள். "அப்ப கண்ணன் தம்பி லென்ஸு நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆமாம். நல்ல லென்ஸ். விலைக்கு ரொம்ப நல்ல லென்ஸ். எழுதிவிட்டேன், போதுமா.

ஆவணி 10, செவ்வாய்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். உட்கார இடமில்லை. லென்ஸ் டப்பாவைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

கண்ணன் கடையில் யாருமில்லை. நல்லதாகப் போயிற்று. "லென்ஸத் திருப்பி அனுப்பாத. கோளாறு என் கேமராவுல" என்றேன்.

அவன் ஆச்சரியப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"எங்க அக்கா மகன் கல்யாணம் நீங்கதான எடுத்தீங்க. ஆல்பம் வந்தப்பவே பாத்தேன். எங்க பக்கம் பூரா மங்கல். நான் மூஞ்சிக்கு நேரா சொன்னா ஒங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்லா. அதான் லென்ஸக் குடுத்து, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்கன்னேன்."

முதலில் கோபம்தான் வந்தது. இவன் யார் எனக்குப் பாடம் நடத்த? பிறகு அதுவும் நிற்கவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன். நல்ல கண், நல்ல லென்ஸ், இப்போது இதுவும் அவனிடம்தான். பொறாமைப்பட இன்னும் ஒன்று.

மில் வீட்டில் நான் சொன்னதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். நேரே சொல்லிவிட்டேன். கோளாறு என் கேமராவில், கண்ணனுடைய லென்ஸ் சுத்தம், அவன் படங்கள் நீங்கள் பார்த்த மாதிரியேதான் வரும்.

அப்புறம் வீட்டுக்காரரிடம் தெலுங்கில் ஏதோ. அது புரியவில்லை.

"அப்ப அந்தத் தம்பியவே வரச் சொல்லிருதோம்" என்றார்கள்.

ஆவணி 11, புதன்

மப்பு. மழை இல்லை.

கேமரா ரிப்பேருக்கு மதுரைக்குப் போகணும். வர எத்தனை நாளாகும் தெரியாது. சத்திரப்பட்டிச் சித்தப்பாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அதற்கும் கத்தினார்.

காலையில் கண்ணன் போன். மில் வீட்டில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்களாம். எல்லாவற்றையும் சொன்னார்களா, வேலையை மட்டும் சொன்னார்களா? அவன் குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"பெரிய வீட்டுக் கல்யாணம்ணே, ஒத்தையில ஏலாது. எங்கிட்ட இன்னொரு கேமரா இருக்கு. அந்த லென்ஸையே நீங்க மாட்டிக்கிடுங்க. பொண்ணு வீட்ட நான் பாத்துக்கிடுதேன்" என்றான். பிறகு, "மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் நீங்க நில்லுங்க" என்றான்.

எல்லாவற்றையும்தான் சொல்லியிருக்கிறார்கள்.

வருகிறேன் என்றேன். முடிவெட்டு இன்னும் பாக்கி.