தோள் கேட்காத வண்டி

1936 மே 5, அம்பிட்டிய

பள்ளி விட்டு வந்தபோது கூடத்துக் கதிரை இடம் மாறியிருந்தது. என் மனைவி இரத்தினம் நோயில் படுத்திருக்கும் அறை வாசலுக்கு நேரே யாரோ இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவளால் முடியாது. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. கட்டிலை விட்டு இறங்கவே வேலைக்கார வேலாயி தாங்கிப் பிடிக்க வேண்டும்.

"யார் வந்தது?"

"முத்துலிங்கம் ஐயா. சும்மா பாத்துட்டுப் போனாரு" என்றாள் இரத்தினம்.

சும்மாவா? நான் வகுப்பில் நிற்கும் நேரம் அவருக்குத் தெரியாதா? நேர அட்டவணை போடுகிறவரே அவர்தானே! 1927இல் எனக்கு வந்திருக்க வேண்டிய தலைமை ஆங்கில ஆசிரியர் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, ஒன்பது வருடமாக எனக்கு அட்டவணை போடுகிறார். இப்போது என் வீட்டுக் கதிரையிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டார்.

மே 6

மறுபடியும் கேட்டேன். என்ன பேசினீர்கள்? "மழையே காணலேன்னு பேசிக்கிட்டிருந்தோம்" என்றாள். நேற்று முழுவதும் மழை.

மே 17

கோவில் மடத்தில் மரண சகாய சங்கத்தின் கூட்டம். கண்டியில் உறவுக் கூட்டம் இல்லாத நம்மவர்களுக்காக ஏற்பட்ட சங்கம் இது. ஓர் உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் மற்றவர்கள் வந்து பாடை கட்டி, தோளில் தூக்கி, மகியாவைச் சுடுகாடு வரை கொண்டுபோக வேண்டும். செயலாளர்? வேறு யார், முத்துலிங்கம்தான்.

இன்று அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். புசல்லாவைத் தோட்டமொன்றில் ஒரு துரை விட்டுப்போன பழைய மோட்டார் வண்டி விலைக்கு வருகிறதாம். அதை வாங்கி, ஹலீமின் பட்டறையில் கொடுத்துப் பிரேத வண்டியாக மாற்ற வேண்டுமாம். சென்ற வருடம் மலேரியாக் காலத்தில் தூக்கித் தூக்கித் தோள் ஓய்ந்துவிட்டது, பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்றெல்லாம் காரணம் சொன்னார்.

"இனி ஒருத்தரும் ஒருத்தரிட்டயும் தோள் கேட்டு நிக்கத் தேவையில்லை" என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. எல்லோரையும் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

மலேரியா போய் ஒரு வருடம் ஆகிறது. இப்போது என்ன அவசரம்? உறுப்பினர் வீடுகளில் இன்று படுக்கையில் கிடப்பது யார்? என் இரத்தினம் ஒருத்திதான்.

விளங்கிவிட்டது. என் வீட்டுப் பிரேதத்துக்குத் தோள் கொடுக்க இவர்களுக்கு மனமில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் வெட்கம். ஆகவே ஒரு வண்டி.

முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. நல்லது. நானும் பேசுவேன்.

மே 19

சொற்பிறப்புச் சொல்லும் பெரிய ஆங்கில அகராதியை எடுத்தேன். இந்த ஊரில் அந்த அகராதி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்.

ஹேர்ஸ். பிரேத வண்டிக்கு ஆங்கிலேயன் சொல்லும் சொல். பழைய பிரெஞ்சில் அது பரம்பு; உழுத மண்ணைக் கிளறி உடைக்கும், பல் வைத்த சட்டம். பிரெஞ்சுக்கு முன்னால் லத்தீன். லத்தீனுக்கும் முன்னால், இத்தாலிய மலைகளில் வாழ்ந்த ஒரு கூட்டத்தின் பேச்சில் ஓநாய்! பற்களைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறான். பிறகு தேவாலயத்தில் பரம்பின் வடிவில் ஒரு முள்சட்டம் செய்து, அதில் மெழுகுதிரிகளைக் குத்திப் பிரேதத்தின் மேல் நிறுத்தினார்கள். பிறகு பிரேதத்தின் மேல் போட்ட பந்தலுக்கு அந்தப் பெயர் வந்தது. பிறகு பிரேதத்தைக் கிடத்தும் சட்டத்துக்கு. கடைசியில்தான் சக்கரம்.

ஓநாய், பரம்பு, விளக்கு, பந்தல், வண்டி. இத்தனை நூற்றாண்டு வழியில் எங்கேயாவது ஒரு மனிதத் தோள் இருக்கிறதா? இல்லை. இதுதான் என் வாதம்.

மே 24

கண்டிப் பட்டணத்துத் திருகோணமலை வீதியில் ஹலீமின் பட்டறைக்குப் போனேன். அதற்குள் வண்டிக்கு அளவு எடுத்துவிட்டார்களா என்று பார்க்கத்தான்.

"வாங்க சேர். வண்டி இன்னம் புசல்லாவையிலதான் ஈக்கிது. எஞ்சின் செத்துப் போச்சாம். மய்யித்துக் கொண்டுபோற வண்டியே மய்யித்தா ஈந்தா எப்பிடி?" என்று சிரித்தான்.

யார் முதலில் கேட்டது என்று விசாரித்தேன்.

"செக்கிரட்டரி ஐயாதான். அவசரமா வேணுமெண்டு சென்னாரு. அவருக்கும் ஆரோ சென்னமாதிரித்தான் ஈந்தது."

அவசரம். அதுவும் யாரோ சொல்லி. யார்? சங்கத்தில் எனக்கு இன்னும் எத்தனை எதிரிகள்?

"உங்கள் ஆட்களுக்கு இப்படி வண்டி உண்டா?"

"எங்களுக்கு என்னத்துக்கு சேர்? மய்யித்துத் தூக்கிற சந்தூக்கு ரோட்டுல வந்தா கடயப் போட்டுட்டு ஓடிப்போய்த் தோள் குடுப்போம். ஆருட மய்யித்தெண்டு பொறகுதான் கேக்கிற."

இதையும் பேச்சில் சேர்க்க வேண்டும்.

ஜூன் 3

டாக்டர் வந்து போனார். வாசலில் வைத்து என்னிடம் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டே போய்விட்டார். எனக்குத் தெரியாதா?

மாலையில் பேச்சை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். வேடிக்கை: ஒத்திகைக்கு ரிஹேர்ஸ் என்கிறார்களே, அதுவும் அதே பரம்பிலிருந்து பிறந்ததுதான். ஒருமுறை கிளறிய மண்ணையே மறுபடி கிளறுவது. இதைச் சொன்னால் கூட்டம் ரசிக்கும்.

உள்ளேயிருந்து இரத்தினத்தின் குரல்: "ஏங்க, இருபத்தேழாம் வருசம் இல்லாம உங்களால ஒரு பேச்சு பேச முடியாதா?"

பேச்சில் 1927 ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. இரண்டு இடம். அவசியமான இடங்கள்.

ஜூன் 7

வென்றுவிட்டேன்.

ஓநாய் என்றதும் மடம் முழுவதும் சிரித்தது. இந்தியாவிலிருந்து வந்து கடை போட்டிருக்கும் சோழியர்கள்கூடத் தோளைத் தொட்டுப் பாராட்டினார்கள். நம் பெண்டுபிள்ளைகளை ஓநாயின் முதுகில் ஏற்றி அனுப்புவதா என்று கேட்டேன். கை தூக்கியவர்களில் பெரும்பாலோர் என் பக்கம். தீர்மானம் விழுந்தது.

ஒரே ஒரு முள். நகரசபைக் கிளாக்கர் பொன்னுத்துரை எழுந்து, "மாஸ்டர், தோளோட பெருமைய நல்லா சொன்னீங்க. கடைசியா எந்தச் சாவுல குடுத்தீங்க? வலது தோளா, எடது தோளா?" என்றான். எனக்குக் கிடைத்ததைவிடப் பெரிய சிரிப்பு அவனுக்குக் கிடைத்தது.

முத்துலிங்கத்தின் தகப்பனார் சாவுக்கு நான் போகாதது பற்றிய குத்தல் அது. அன்று எனக்குக் காய்ச்சல். உண்மையாகவே காய்ச்சல். மற்றச் சாவுகளுக்கும் ஒவ்வொரு காரணம் இருந்தது.

கலைந்து போகும்போது முத்துலிங்கம் அருகில் வந்தார். "வெண்டிட்டீர், சேதுராமன். இனி என்ன செய்யப் போறீர்?"

இது என்ன கேள்வி? மிரட்டலா?

ஜூன் 8

இரத்தினத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "வண்டி வராதா?" என்று மட்டும் கேட்டாள். வராது, தோற்கடித்துவிட்டேன் என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "அப்ப நீங்கதான் போயி நிக்கணும்" என்றாள். எங்கே என்றேன். போர்வையை இழுத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அந்த ஆள் வந்து இவள் மனத்திலும் ஏதோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஜூலை 9

விடியும்போது. மழை பெய்துகொண்டிருந்தது.

ஜூலை 12

இன்றுதான் எழுத முடிகிறது.

நான் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. வேலாயிதான் என்னைக் கேட்காமலே மழையில் இறங்கி ஓடியிருக்கிறாள். தலை முழுகி ஈரத்துணியோடு வந்தபோது முற்றத்தில் மூங்கில் பிளக்கும் சத்தம். யார் யார் என்று நிமிர்ந்து பார்க்க மனம் வரவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

பிள்ளை இல்லாததால் கொள்ளிச்சட்டி என் கையில். அதைத் தூக்கி முன்னே நடப்பவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. ஆகவே அவளை யார் தூக்கினார்கள் என்று என் கண்ணால் காணவில்லை. காதால்தான் கேட்டேன்.

எங்கள் ஒழுங்கை செங்குத்து, அன்று வெறும் சேறு. வெறுங்கால்கள் சேற்றில் புதைந்து எழும் சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தது. ஓர் இருமல். ஒன்பது வருடமாக ஆசிரியர் அறையில் கேட்டுக் கேட்டு வெறுத்த இருமல். வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது. "புடி புடி, எடப்பக்கம் சறுக்குது!" அது பொன்னுத்துரை.

ஏன் வந்தார்கள்? நாளைக்குச் சொல்லிக் காட்டவா? வாவிக்கரையில் தோள் மாற்றினார்கள். புதிய காலடிகள். எனக்குத் தெரியாத காலடிகள். இன்னும் எத்தனை பேர் பின்னால் வருகிறார்கள்? திரும்ப முடியவில்லை.

திருகோணமலை வீதியில் ஒரு கடையின் பலகைக் கதவு படபடவென்று சாத்தப்பட்டது. பின்னால், பாடைப் பக்கம் யாரோ ஓடிவந்தான். "தாங்க சேர், கொஞ்சத் தூரம் நான் புடிக்கிறேன்." ஹலீம்.

மகியாவை ஏற்றத்தில் சட்டி சுட்டது. மழையில் கங்கு அணைந்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஜூலை 24

கருமாதி முடிந்தது. எல்லோரும் போன பிறகும் முத்துலிங்கம் உட்கார்ந்திருந்தார், அதே கதிரையில். இதற்குமேல் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்: "வண்டி கேட்ட மனுஷன் எதுக்குத் தோளோட வந்தீர்?"

"நான் எங்க வண்டி கேட்டன்? தங்கச்சியெல்லோ கேட்டவ."

எந்தத் தங்கச்சி என்றேன்.

"உம்மட மனுசி. வேலாயியை விட்டு என்னைக் கூப்பிட்டவ. நீர் இல்லாத நேரமா வரச் சொன்னவ. 'அவரு யார்கிட்டயும் மொகங்குடுத்துப் பேச மாட்டாரு. நான் போனா, தூக்க நாலு பேருக்காக வாசல் வாசலா போயி நிக்கணும். நிக்கவும் மாட்டாரு, உள்ளயே ஒடஞ்சு போயிருவாரு. அதுக்குள்ள ஒரு வண்டி வாங்கிருங்க' எண்டு அழுதவ. உமக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வேற. நான் தீர்மானத்தைக் கொண்டுவந்தா, நீர் ஓநாயைக் கொண்டுவந்தீர்."

"அதுக்குப் பிறகும் ஏன் வந்தீர்?"

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "வண்டி இல்லையே" என்றார்.

அவர் போன பிறகு, எல்லாம் கட்டுக்கதையாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். இருக்கக்கூடாதா? அடுக்களைக்குப் போய் வேலாயியிடம் கேட்டேன்.

"ஆமாங்க ஐயா. நாந்தான் போயிக் கூட்டியாந்தேன்" என்றாள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

செப்டம்பர் 6

சங்கக் கூட்டம். வண்டித் தீர்மானம் மறுபடி வந்தது. முன்மொழிந்தவன் நான்.

காரணம் ஏதும் சொல்லவில்லை. அகராதியையும் திறக்கவில்லை. மடம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. "மாஸ்டர், இதுல என்ன சூது?" என்றான் பொன்னுத்துரை. யாரும் சிரிக்கவில்லை, எல்லோருக்கும் அதே கேள்விதான் போலிருக்கிறது. வழிமொழிந்த முத்துலிங்கம்கூடக் கடைசிவரை என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறைவேறியது.

அக்டோபர் 28

பொன்னுத்துரையின் தாயார் நேற்று அஸ்கிரியவில் காலமானார். வண்டி இன்னும் ஹலீமின் பட்டறையில் சக்கரமில்லாமல் நிற்கிறது. எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு நானாகப் போனேன்.

முற்றத்தில் நின்றவர்கள் வழி விட்டார்கள். "சேதுராமன், நீர் முன்னுக்கு வாரும். இடப்பக்கம்" என்றார் முத்துலிங்கம்.

அஸ்கிரிய இறக்கத்தில் முன்னால் நிற்பவன் மேல்தான் பாரம் முழுவதும் வந்து இறங்கும். இடப்பக்கம் பள்ளம் வேறு. இது அவருக்குத் தெரியாதா? வேண்டுமென்றேதான் என்னை அங்கே நிறுத்தியிருக்கிறார், சந்தேகமே இல்லை.

பாதி வழியில் பின்னாலிருந்து இருமினார். "மாத்துவமா?" என்றார்.

வேண்டாம் என்றேன்.

இன்று இடது கையைத் தூக்க முடியவில்லை. வேலாயி எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள்.