அண்ணாச்சி எங்கிட்ட சொல்லத்தான் செஞ்சாக

ஜூலை 22, செவ்வாய்

காலையிலேயே காத்து. ரோட்டு மண்ணு பூரா ஆபீசுக்குள்ள. ரெண்டு தடவ பெருக்கியாச்சு. கரண்டு 10க்குப் போயி 12க்குத்தான் வந்துது.

இன்னைக்கு:
– பனவடலிசத்திரம் அம்மா பாஸ்போர்ட். முகவரி தப்பு, மறுபடி போடணும்
– பிரின்டர் மை
– இவுக, எங்க வீட்டுக்காரவுக சட்டை, டெய்லர்ட்ட வாங்கணும்

மூணுல ஒண்ணுதான் ஆச்சு.

சாப்பாட்டு டப்பாவத் திறக்கும்போது போன். ஆஸ்திரேலியாவுலேர்ந்து சிவா. சண்முகவேல் அண்ணாச்சியோட மகன். ஜூன்ல அண்ணாச்சிக்கும் அவுக சம்சாரம் மைனிக்கும் விசா, டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் நான்தான் போட்டுக் குடுத்தேன். மகன் வீட்டுல மூணு மாசம் இருந்துட்டு வரலாம்னு போனாக.

“அக்கா, அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஐசியூல இருக்காரு. இன்சூரன்ஸ் நம்பர் வேணும்.”

ரெண்டே நிமிஷத்துல அனுப்பிட்டேன். பாலிசி, உதவி நம்பர், ஆஸ்பத்திரியில எத முதல்ல காட்டணும், எல்லாம். “பயப்படாதீங்க தம்பி, அதுக்குத்தான இன்சூரன்ஸ்”ன்னு வேற சொன்னேன்.

போன வச்சுட்டு ஃபைலத் திறந்தேன். நாலாவது பக்கம். ‘ஏற்கெனவே நோய், அறுவை சிகிச்சை ஏதும் உண்டா?’ இல்லை. டிக் போட்டது நான்.

சாப்பாட்ட அப்படியே மூடி வச்சுட்டேன்.

இரவு. தூக்கம் வரல, எழுதிருதேன். அண்ணாச்சிக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்ன இருதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு. எனக்குத் தெரியும். ஃபாரம் போட்ட அன்னைக்கு மைனி வரல, அண்ணாச்சி மட்டும்தான் வந்திருந்தாக. வந்து உக்காந்ததுமே, “ஏ மக்கா, ஸ்டென்ட் வச்சிருக்குன்னு எழுதணும்லா?” பொறவு நான் டைப் பண்ணும்போது இன்னொரு தடவ. ரெண்டு தடவ. நான் என்ன சொன்னேன்? “எழுதுனா ரிப்போர்ட் கேப்பான், டாக்டர் பாக்கணும்பான், நாலஞ்சு நாள் இழுக்கும். ரெண்டு வருஷம் ஆச்சுல்லா, நல்லாத்தான இருக்கீக? விடுங்க.” அவுக போன்ல வந்த ஓ.டி.பி. நம்பரக் கேட்டு வாங்கி நானே போட்டு முடிச்சேன்.

சீக்கிரம் முடியணும். அவ்வளவுதான். மத்தியானத்துக்கு மேல எனக்கு ஒரு கல்யாண வீடு.

ஜூலை 24, வியாழன்

அண்ணாச்சி பிழைச்சுட்டாக. இன்னொரு ஸ்டென்ட் வச்சிருக்கு. கண்ண முழிச்சுப் பேசுறாகளாம். ‘கடவுள் புண்ணியம்’னு சிவா மெசேஜ். நான் கும்பிடு பொம்மை மூணு அனுப்பினேன்.

ஆஸ்பத்திரியில கேட்டதும் பழைய ஸ்டென்ட் கதைய அண்ணாச்சியே சொல்லிட்டாகளாம். சொல்லாம என்ன செய்வாக. மறைக்கத் தெரியாத ஆளு. பஸ் டிப்போவுல டைம் கீப்பரா இருந்தவுக. பஸ்ஸு ரெண்டு நிமிஷம் லேட்டுன்னா ரெண்டு நிமிஷம்னு எழுதினவுக.

ஜூலை 26, சனி

இன்சூரன்ஸ் கம்பெனியில க்ளெய்ம் கிடையாதுன்னுட்டாங்க. முன்னமே இருந்த நோயச் சொல்லாம மறைச்சதா லெட்டர். சிவா அனுப்பினான். மூணு தடவ படிச்சேன். ‘பயணி மறைத்துள்ளார்.’ பயணி.

சாயங்காலம் அவனே பேசினான். ஆபீஸ்ல ஆளு இருந்துச்சு, வெளிய வந்து பேசினேன். பஸ் ஸ்டாண்டு சத்தம். “கரிவலம், கரிவலம்”னு கண்டக்டர் கூப்பாடு.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஸ்டென்ட் இருக்குன்னு ஒங்ககிட்ட சொன்னேன், நீங்கதான் எழுத வேண்டாம்னீங்கன்னு அப்பா சொல்லுதாரு. சொன்னாரா?”

“இல்லையே தம்பி. சொல்லியிருந்தா எழுதியிருப்பேன்லா.”

வாயிலேர்ந்து அப்படியே வந்துட்டு. யோசிக்கக்கூட இல்ல.

பொறவு, “சரிக்கா. பில்லு பெருசு. நான் எப்படியோ பாத்துக்கிடுதேன். எனக்கு அது பெருசில்ல. அப்பா ஏன் பொய் சொல்லணும்? அதான் தாங்க முடியல”ன்னான்.

உள்ள போயி காத்திருந்த ஆளுக்கு விசா ஃபாரம் நிரப்பினேன். ஒரு எழுத்துகூடத் தப்பல. அதுதான் எனக்கே அருவருப்பா இருக்கு.

ஜூலை 27, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகல. இவுகட்ட தலைவலின்னு சொன்னேன். “காலைல நல்லாத்தான இருந்த?”ன்னாக. அடுத்த பொய்.

கோழி வாங்கி வந்தாக. ருசியே இல்ல. உப்புப் போட மறந்திருக்கேன்.

ஜூலை 29, செவ்வாய்

பழைய ஃபைல் எல்லாம் இறக்கிப் பாத்தேன். இன்னும் வெளிநாட்டுல இருக்கவங்க, போகப்போறவங்க. வயசானவங்க எல்லாருக்கும் ‘இல்லை’ ‘இல்லை’ ‘இல்லை’. நான் ஒருத்தர்ட்டயும் கேட்டதே இல்லை. சொன்னவங்களையும் சொல்ல விடல.

கடையநல்லூர் பாத்திமா அக்கா. அடுத்த வாரம் துபாய்க்கு மக வீட்டுக்குப் போறாங்க. போன் போட்டேன்.

“அக்கா, ஒங்களுக்கு சுகர் இருக்கா?”

“இருக்காவா? ஊசியில்ல போட்டுக்கிடுதேன். ஏம்மா, இப்ப கேக்க?”

“பழைய பாலிசிய கேன்சல் பண்ணிட்டு வேற போடணும். ரிப்போர்ட் எடுத்துட்டு வாங்க. டாக்டர்ட்ட ஒரு லெட்டரும் வாங்கிக்கோங்க. ஊசிய பெட்டியில போட்டுறாதீங்க, கையில வச்சுக்கிடணும்.”

“அல்லா ஒன்னைய நல்லா வைக்கணும். இவ்வளவு அக்கறையா யாரு சொல்லுதா?”

போன மேசை மேல கவுத்தி வச்சேன்.

ஒரு தாள்ல எழுதி என் நாற்காலிக்கு எதிர்ல ஒட்டியாச்சு. ஆளுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்:
– என்ன வியாதி, எப்ப ஆபரேசன்? கேக்கணும். சொல்லி முடிக்க விடணும்
– மாத்திரைப் பேரு, சீட்டு, டாக்டர் லெட்டர். மருந்துக் கம்பெனி பேரு மட்டும் பத்தாது, உள்ள என்ன மருந்துன்னும் எழுதணும்
– போயிருக்க நாளுக்கு மேல பத்து நாள் மாத்திரை கூட
– ஃபாரத்த வாசிச்சுக் காட்டி, அவங்க கையால டிக் போட வைக்கணும்

இதெல்லாம் தெரியாதவளா நான்? பதினோரு வருசமா இதான் தொழில்.

ஆகஸ்ட் 2, சனி

அண்ணாச்சி, மைனி டிக்கெட்ட முன்னால மாத்தணும்னு சிவா. விமானத்துல போகலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாராம். வீல் சேர் சொல்லச் சொன்னான். சொன்னேன். பொறவு ஒரு வாய்ஸ் மெசேஜ். அத இங்க எழுதி வைக்கணும்.

“அக்கா, ஏர்போர்ட்ல அப்பாவத் தனியா விடாம ஆள் போடச் சொல்லுங்க. அவருக்கு ஞாபகம் சரியில்ல. மொதல்ல ஒங்ககிட்ட சொன்னேன், சொன்னேன்னு சாதிச்சாரு. நான் கோவத்துல கத்திட்டேன். அவரு ரெண்டு நாள் யாரோடயும் பேசல. பொறவு அவரே, ‘நான் சொல்லல போல லே. சொன்னதா நெனச்சுக்கிட்டேன் போல’ன்னாரு. இப்ப எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவ கேக்காரு. ஊருக்கு வந்ததும் திருநெல்வேலியில நரம்பு டாக்டர்ட்ட காட்டணும். அவரு பேங்க்கு கார்ட வாங்கி வச்சிக்கிடுங்கன்னு அம்மாட்ட சொல்லிருக்கேன்.”

மூணு தடவ கேட்டேன். மனுசனுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் அவுக ஞாபகத்தக் கெடுத்திருக்கேன்.

அப்பவே போன் போட்டு சொல்லிருக்கலாம். நம்பரை எடுத்தேன். ‘அங்க இப்ப ராத்திரி’ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அங்க ராத்திரி ஒம்போதுதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடித் தபசு திருவிழா. ஊரெல்லாம் கூட்டம், ஆபீசுக்கு வழியே இல்ல. ஷட்டர இறக்கிட்டு வந்துட்டேன். காலையிலயே அண்ணாச்சியும் மைனியும் ஊர் வந்து சேர்ந்துட்டாக. மைனி மெசேஜ்: ‘வந்துட்டோம். வீல் சேர் நல்லா பாத்தாங்க. ரொம்ப நன்றிம்மா.’

நன்றியாம்.

ஆகஸ்ட் 9, சனி

போனேன். சாத்துக்குடி வாங்கிட்டு. சொல்லணும்னுதான் போனேன்.

அண்ணாச்சி பாதி ஆளா இருக்காக. சட்டை தொளதொளன்னு. பாக்கெட்டுல சின்ன நோட்டு. மைனி காப்பி போட உள்ள போனதும் எங்கிட்ட சாஞ்சு மெதுவா பேசுனாக.

“மக்கா, ஒன்ட்ட மன்னிப்பு கேக்கணும்னு இருந்தேன்.”

“அண்ணாச்சி...”

“சொல்லாதத சொன்னேன்னு ஒம்மேல பழியப் போட்டுட்டேன். தொழில் பண்ணுத பொம்பளப் பிள்ள. நாலு பேருக்குத் தெரிஞ்சா ஒனக்கு எவ்வளவு கெட்ட பேரு? எனக்கு இப்ப இப்படித்தான் ஆயிப்போச்சு. எது நடந்துச்சு, எது நானா நெனச்சதுன்னு தெரிய மாட்டேங்கு.” நோட்டத் தொட்டுக் காட்டுனாக. “எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிடுதேன். மாத்திரை போட்டாச்சு, கதவப் பூட்டியாச்சு. தப்பா எடுத்துக்கிடாத மக்கா.”

நான் சொல்லியிருக்கணும். அந்த இடத்துல, அந்த நிமிஷத்துல. மைனி காப்பியோட வந்தாக. வாங்கிக் குடிச்சேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, ஒடம்பப் பாருங்க”ன்னேன். ஒண்ணும் இல்லையாம். அவுக என்னை மன்னிச்ச மாதிரி இல்ல, நான் அவுகள மன்னிச்ச மாதிரி எந்திரிச்சு வந்தேன்.

வர்ற வழியில வண்டிய நிப்பாட்டி அழுதேன். ஒருத்தர் வந்து, “என்னம்மா, பெட்ரோல் இல்லையா?”ன்னு கேட்டாரு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இவுகட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். டி.வி.ய அமத்திட்டுக் கேட்டாக. “இன்சூரன்ஸ் ஏஜென்சி போகும்”னாக.

“தெரியும்.”

“அந்த மனுசன் நரம்பு டாக்டர்ட்ட போறது எப்ப?”

“புதன்.”

“அப்ப நாளைக்குப் போ.”

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு லெட்டர் டைப் பண்ணினேன். ‘பயணி தமக்கு ஸ்டென்ட் பொருத்தப்பட்டிருப்பதை என்னிடம் இரண்டு முறை தெரிவித்தார். படிவத்தில் இல்லை எனக் குறித்தது முகவராகிய நான். அவர் எதையும் மறைக்கவில்லை.’ க்ளெய்ம மறுபடி பாப்பாங்களான்னு தெரியாது. எழுதணும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை 10. லெட்டரோட போனேன். உக்காரச் சொன்னாக, உக்காரல.

“அண்ணாச்சி, நீங்க எங்கிட்ட சொன்னீக. ஸ்டென்ட் இருக்குன்னு சொன்னீக. நான்தான் வேண்டாம்னேன். சிவாட்ட பொய் சொல்லிட்டேன். முந்தாநாளும் ஒங்க முன்னால சொல்லாம இருந்துட்டேன்.”

அண்ணாச்சி என்னையே பாத்தாக. திட்டுவாகன்னு நின்னேன்.

“நான் சொன்னேனா?”

“சொன்னீக.”

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்ல அண்ணாச்சி.”

ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிக்கிட்டாக. தோளு குலுங்குச்சு. அழுறாகளா, சிரிக்காகளான்னு தெரியல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

மைனி திட்டுனாக. “பெத்த பிள்ள, ஐசியூவ விட்டு வந்த மனுசன பொய்க்காரன்னு கத்துனான். மருமக முன்னால. அன்னைக்கு நீ எங்க இருந்த? கார்ட எங்கிட்ட குடுங்கன்னு இவுககிட்ட நான் என் வாயால கேட்டேன். அன்னைக்கு நீ எங்க இருந்த?” தலைய குனிஞ்சு நின்னேன்.

சிவாவுக்கு அங்கேயே போன் போட்டேன், ஸ்பீக்கர்ல. எல்லாத்தையும் சொன்னேன். “அப்பா எங்கிட்ட ரெண்டு தடவ சொன்னாங்க தம்பி. பொய் சொன்னது நான்.”

பின்னாலேர்ந்து அண்ணாச்சி: “மூணு.”

திரும்பிப் பாத்தேன்.

“மூணு தடவ. வந்து உக்காந்ததும் ஒண்ணு. நீ டைப் பண்ணும்போது ஒண்ணு. பொறவு கெளம்பும்போது, வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே, ‘எதுக்கும் எழுதிரு மக்கா’ன்னேன். நீ போன்ல பேசிட்டிருந்த. கல்யாண வீட்டுக்கு எந்த சேல கட்டுததுன்னு. சரி சரின்னு கையக் காட்டுன. மணி பன்னெண்டு அம்பது.”

எனக்கு அது சுத்தமா ஞாபகம் இல்ல. ஆனா நடந்திருக்கு. நீலப் பட்டா, மாம்பழக் கலரான்னு தங்கச்சிகிட்ட பேசினேன் அன்னைக்கு.

பொறவு சிவா குரல், எங்கிட்ட இல்ல. “அப்பா.” திரும்பவும், “அப்பா.”

அண்ணாச்சி ஸ்பீக்கர அமத்தி, போனக் காதுல வச்சுக்கிட்டு உள் அறைக்குப் போயிட்டாக. எம் போனுதான். முக்கா மணி நேரம் வாசல்ல நின்னேன். மைனி உக்காருன்னு சொல்லல. மைனிதான் போனக் கொண்டு வந்து எங் கையில தந்தாக, மூஞ்சியப் பாக்காம.

ஆபீசுக்கு வந்து லெட்டர எடுத்தேன். ‘இரண்டு’ன்னு இருந்தத பேனாவால அடிச்சு, மேல ‘மூன்று’ன்னு எழுதி, பக்கத்துல கையெழுத்துப் போட்டேன். போஸ்ட் ஆபீஸ் மூடுறதுக்குள்ள பதிவுத் தபால்ல போயாச்சு.