எத்தனை நிமிடம் ஒரு ‘டங் ஜன்’?

சாம் சுய் போ, ஹாங்காங்
3 மார்ச் 1991

அன்புள்ள காம்-சுன்,

உன் இருமல் எப்படி இருக்கிறது? நம் திருமணப் பதிவுக்கு ஏப்ரல் பன்னிரண்டு, காலை பதினோரு மணி கிடைத்திருக்கிறது. இது மூன்றாவது தேதி. முதல் இரண்டையும் ரத்து செய்யப் போய் நின்றவள் நான்தான். பதிவு அலுவலகத்தில் கண்ணாடி போட்ட அந்த எழுத்தர் இந்த முறை, "மாப்பிள்ளைன்னு ஒருத்தர் நெசமாவே இருக்காராம்மா?" என்று கேட்டுவிட்டார். மானம் போயிற்று. லீவு சொல்லிவிட்டாயா? ஒரு வரி எழுது.

உன் யூக்-பிங்


டோங்குவான், சீனா
19 மார்ச்

அன்பு யூக்-பிங்,

கோபித்துக்கொள்ளாதே. பொம்மை ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது, முதலாளி விடமாட்டேன் என்கிறார். ஏப்ரல் வேண்டாம். டங் ஜன், கொஞ்சம் பொறு, வந்துவிடுகிறேன். இருமலுக்கு நீ அனுப்பிய ஆரஞ்சுத் தோல் தீர்ந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் அனுப்பு.

காம்-சுன்


சாம் சுய் போ
27 மார்ச்

காம்-சுன்,

கிளினிக் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பதினோரு வருடமாக ஆட்களைக் காக்கவைப்பதுதான் என் பிழைப்பு. நான் ‘டங் டங்’ என்றால் டாக்டர் கை கழுவுகிறார், இரண்டு நிமிடம். ‘டங் ஜன்’ என்றால் முன்னால் எட்டுப் பேர், கீழே போய்க் கஞ்சி குடித்துவிட்டு வரலாம். ‘சி தி சின்’, அப்புறம் பார்க்கலாம், என்றால் இன்றைக்கு இல்லை. அதைச் சொல்ல எனக்கே வாய் கூசும். நீ ஏழு வருடமாக இரண்டாவதைச் சொல்லி மூன்றாவதைச் செய்கிறாய். என்னிடமே என் தொழிலைக் காட்டுகிறாயா? நோயாளிக்காவது சீட்டில் ஒரு எண் உண்டு.

இந்தத் தேதியை நான் ரத்து செய்யப்போவதில்லை. பதினோரு மணிக்கு அங்கே நிற்பேன். வராவிட்டால் அத்தோடு சரி. ஆரஞ்சுத் தோல் அனுப்பவில்லை.

யூக்-பிங்


டோங்குவான்
13 ஏப்ரல்

யூக்-பிங்,

நேற்று எல்லை வரை வந்தேன். சத்தியமாக. வரிசை நகரவே இல்லை. பன்னிரண்டு மணி ஆனதும் உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று திரும்பிவிட்டேன். டங் மாய், யூக்-பிங். என்னை விட்டுவிட்டுப் போய்விடாதே.

காம்-சுன்


சாம் சுய் போ
20 ஏப்ரல்

காம்-சுன்,

பன்னிரண்டரை வரை நின்றேன். கண்ணாடிக்காரர் எதுவும் கேட்காமல் நாற்காலி போட்டார். அதற்குத்தான் அழுதேன்.

‘டங் மாய்’ என்று நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். ஏழு வருடத்தில் அந்தச் சொல்லை நீ என்னிடம் சொன்னதே இல்லை. லிப்ட் கதவு மூடும்போது ஓடிவருகிறவர்கள், நில்லுங்கள், நானும் வருகிறேன் என்று கத்துவது அது. உட்கார்ந்து காத்திருக்கிறவளிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கிளம்பிவிட்டவளிடம்தான் சொல்வார்கள். அதைப் படித்த பிறகுதான், நான் கிளம்பிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

யூக்-பிங்